1,500-இல் சமன் செய்துவிட்டு 1,100-க்கு இறக்கலாமா? நான்கு கார்புரேட்டர் பைக்கும் ஐடிலிங்கும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நான்கு சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு சி.வி. கார்புரேட்டர்கள் (வேக்யூமால் உள்ளே ஒரு பிஸ்டன் தானே உயரும் வகை). கழற்றிக் கழுவி மாட்டியாயிற்று. மேனுவல் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 1,100 சுற்று என்கிறது. வண்டியோ 1,400-க்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் காற்றிழுப்பையும் முள்ளால் காட்டும் வேக்யூம் கேஜ் செட் வாங்கியிருக்கிறீர்கள். 1,100-ஐ நெருங்கும்போது முள்கள் ஆடித் தீர்க்கின்றன, 1,500-இல் அமைதியாக நிற்கின்றன. ஆகவே 1,500-இல் நான்கும் ஒரே அளவு காற்றை விடும்படி சமன் செய்துவிட்டு, பிறகு ஐடிலிங் திருகைக் குறைத்து 1,100-க்குக் கொண்டுவந்தால் போதாதா?

போதாது. 1,500-இல் சமமாக நிற்கும் நான்கு கார்புரேட்டர்கள் 1,100-இலும் சமமாக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதைவிட முக்கியம், 1,100-இல் என்ஜின் நிற்க மறுக்கிறது என்பதே ஒரு தகவல். அதைக் கேட்காமல் சமன் திருகுகளில் கை வைத்தால், இருக்கும் பழுதை மறைத்து வைக்கும் வேலையைத்தான் செய்வீர்கள்.

ஏன் என்று பார்ப்போம். ஐடிலிங்கில் பட்டர்ஃப்ளை (கார்புரேட்டர் குழாயைத் திறந்து மூடும் வட்டத் தட்டு) கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. தட்டின் விளிம்புக்கும் குழாயின் சுவருக்கும் நடுவே பிறை வடிவில் ஒரு மெல்லிய இடுக்கு. அதன் வழியாக நுழையும் காற்றுதான் அந்த சிலிண்டரின் பங்கு. கணக்குக்காக, ஒரு கார்புரேட்டரில் அந்த இடுக்கு 0.10 மி.மீ., பக்கத்துக் கார்புரேட்டரில் 0.13 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.03 மி.மீ. தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் இரண்டாவது சிலிண்டர் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் காற்றை வாங்குகிறது. இப்போது ஆக்சிலரேட்டரை முறுக்கி இடுக்கை 5 மி.மீ. ஆக்குங்கள். அதே 0.03 மி.மீ. வித்தியாசம் இப்போது ஒரு சதவீதம்கூடத் தேறாது. கார்புரேட்டர் சமன் என்பது பெருமளவுக்கு ஐடிலிங்கின் பிரச்சினை, ஐடிலிங்கிலிருந்து வண்டி நகரும் அந்த முதல் நொடியின் பிரச்சினை. 6,000 சுற்றில் வண்டி இழுக்கவில்லை என்று சமன் திருகைத் திருப்புகிறவர்கள் தேடவேண்டியது வேறெங்கோ இருக்கிறது.

இதே காரணத்தால்தான் 1,500-இல் முள்கள் ஒன்றாக நிற்பது அவ்வளவு எளிதாக நடக்கிறது. அங்கே தட்டுகள் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருக்கின்றன, பிழை கரைந்து போகிறது. ஐடிலிங் திருகைத் தளர்த்தி நான்கு தட்டுகளையும் ஒன்றாக மூடும்போது அதே பிழை மறுபடி பெரிதாகி வெளியே வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பட்டர்ஃப்ளை மூடியிருக்கும்போது அதன் விளிம்பு உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், ஏர் ஃபில்டர் பக்கமாக, குழாயின் சுவரில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். இவை பைபாஸ் துளைகள். சரியான ஐடிலிங்கில் தட்டின் விளிம்பு இவற்றுக்கு முன்போ, முதல் துளையின் ஓரத்திலோ நிற்கவேண்டும். என்ஜினுக்கான பெட்ரோல், ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் திருகு கட்டுப்படுத்தும், தட்டுக்கு என்ஜின் பக்கமாக உள்ள துளை வழியாக வரவேண்டும். தட்டு மேலும் திறந்தால் பைபாஸ் துளைகள் ஒவ்வொன்றாக வேக்யூம் பக்கம் வந்து, அவையும் பெட்ரோலைக் கொட்டத் தொடங்கும். ஐடிலிங்கிலிருந்து மெயின் ஜெட் (ஓட்டத்துக்கான பெட்ரோலை அளந்து விடும் பெரிய துளை) வேலைக்கு வரும்வரை இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதற்காக வைத்த ஏற்பாடு இது. ஐடிலிங்கை 1,500-இல் தூக்கி நிறுத்தினால் என்ஜின் அந்த இடைவழியில் நின்றுகொண்டு ஓடுகிறது. அங்கே மிக்சர் திருகு பாதி பேச்சுதான் பேசும். நீங்கள் அதைத் திருப்பினாலும் என்ஜின் பெரிதாகப் பதில் சொல்லாது. ஒரு கார்புரேட்டரில் இரண்டு துளைகள் திறந்திருக்க, இன்னொன்றில் ஒன்று மட்டும் திறந்திருந்தால் வேக்யூம் சமமாக இருந்தாலும் கலவை சமமாக இருக்காது.

பழைய என்ஜின்களில் இக்னிஷன் அட்வான்ஸும் (வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்கவைக்கும் ஏற்பாடு) சேர்ந்துகொள்ளும். மையவிலக்கு எடைகளால் இயங்கும் அட்வான்ஸர் பல என்ஜின்களில் 1,500 சுற்றை ஒட்டி விரியத் தொடங்குகிறது. ஸ்பார்க் முன்னே போனால் என்ஜின் வேகம் ஏறும், வேகம் ஏறினால் ஸ்பார்க் இன்னும் முன்னே போகும். ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் வேகம் 2,000-இல் தொங்கி, யோசித்து, மெதுவாக இறங்கும் வண்டிகள் பலவற்றில் இது ஒரு காரணம்.

அதற்காக ஐடிலிங்கை ரொம்பக் கீழே வைப்பதும் சரியல்ல. 800-இல் உறுமிக்கொண்டு நிற்பதைக் கேட்க நன்றாக இருக்கலாம். அந்த வேகத்தில் ஆயில் பிரஷர் குறைவு, கேம் செயின் அடிக்கும், ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குத் தரவேண்டியதைத் தராது. வேக்யூமும் அங்கே நிலையாக இருக்காது. மேனுவலில் 1,100 ± 100 என்று போட்டிருந்தால் 1,000 முதல் 1,200 வரை எங்கேயும் வைக்கலாம். நான் மேல்பாதியில் வைப்பேன், ஆனால் அந்த எல்லையைத் தாண்டமாட்டேன்.

சரி, உங்கள் வண்டி ஏன் 1,400-க்குக் கீழே நிற்கவில்லை? கேஜ் குழாய்களை மாட்டுவதற்கு முன்பு இதற்குப் பதில் வேண்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் நான்கு சைலன்சர் குழாய்களும் என்ஜினிலிருந்து வெளிவரும் இடத்தில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று குழாய்களில் நீர் சீறி ஆவியாகி, நான்காவதில் சும்மா வழிந்தால், அந்த சிலிண்டர் ஐடிலிங்கில் எரியவே இல்லை. மற்ற மூன்றும் அதைச் சுமக்கின்றன. சுமக்க 1,400 சுற்று தேவைப்படுகிறது.

கழுவி மாட்டிய கார்புரேட்டரில் இதற்கு முதல் சந்தேகம், ஐடிலிங்குக்கான பெட்ரோலை அளந்து விடும் பைலட் ஜெட்தான். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமாகத் தெரியும், ஆனால் சுவரில் காய்ந்த பெட்ரோல் பிசின் படிந்து விட்டம் குறைந்திருக்கும். ஜெட்டைவிட மோசம், அதற்குப் பிறகு வரும் உள்வழி. மிக்சர் திருகைக் கழற்றி, ஸ்ப்ரே கிளீனரின் மெல்லிய குழலை அந்தத் துளையில் வைத்து அடித்தால் பைபாஸ் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் தெளிவான பீச்சல் வரவேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், அது கண்ணை நோக்கியே வரும். மிக்சர் திருகின் நுனியில் ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு வாஷர், ஒரு ஓ-ரிங் இருக்கவேண்டும். நான்கில் ஒன்றில் ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது ஒன்றும் ஏறி உட்கார்ந்திருப்பது அபூர்வமல்ல.

அடுத்து காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் மேனிஃபோல்டு வருடக்கணக்கில் சூடு தின்று கல்லாகிவிடும். கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. வேக்யூம் எடுக்கும் முனைகளின் ரப்பர் மூடிகளையும் விரலால் வளைத்துப் பாருங்கள். அடியில் முடிபோல ஒரு வெடிப்பு இருந்தால் போதும், அந்த சிலிண்டருக்கு மட்டும் கலவை மெலிந்துவிடும். மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீரைச் சன்னமாகத் தெளித்து ஐடிலிங் மாறுகிறதா என்று பார்க்கலாம். கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு, பலன் தெளிவாகத் தெரியும். ஆனால் அருகிலேயே சிவக்கக் காத்திருக்கும் எக்ஸாஸ்ட் இருக்கிறது, எனவே எனக்குத் தண்ணீரே பிடிக்கும்.

மூன்றாவது, டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. பலரும் தாண்டிப் போகும் படி இது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) வைத்த வால்வுகளில் வால்வு இருக்கை தேயத் தேய இடைவெளி கூடாது, குறையும். எனவே சத்தம் எதுவும் வராது, எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். இடைவெளி அற்றுப்போன வால்வு முழுதாக மூடாது. வேகமாக ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது. ஐடிலிங்கில், ஒவ்வொரு சுற்றுக்கும் நிறைய நேரம் இருக்கும்போது, கசிவு முழுதாகத் தெரியும். அந்த சிலிண்டரின் வேக்யூமும் குறைவாகக் காட்டும்.

இந்த இடத்தில்தான் வேக்யூம் கேஜ் ஆளை ஏமாற்றும். ஒரு முள் குறைவாகக் காட்டினால் கேஜுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், வேக்யூம் குறைவு. தட்டு அதிகம் திறந்திருப்பதாலா, மேனிஃபோல்டு கசிவதாலா, வால்வு ஒழுகுவதாலா என்று அது சொல்லாது. நீங்கள் அந்தத் தட்டை மூடி முள்ளை மற்றவற்றோடு சேர்த்துவிடலாம். நான்கு முள்களும் அழகாக ஒரே கோட்டில் நிற்கும். நலிந்த சிலிண்டருக்குக் காற்று இன்னும் குறைந்திருக்கும். வண்டி முன்பைவிட மோசமாக ஓடும். எனவே வரிசை மாறக்கூடாது: டேப்பெட், கம்ப்ரஷன், பிளக், டைமிங், கசிவு, பைலட் வழிகள், ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்). இவையெல்லாம் முடிந்து, ஏர் ஃபில்டரும் அதன் பெட்டியும் மாட்டிய பிறகுதான் சமன். ஃபில்டர் இல்லாமல் சமன் செய்துவிட்டுப் பிறகு மாட்டினால் கலவை மாறும்.

கார்புரேட்டர்கள் இப்போது மேசைமேல் இருந்தால் ஒரு நல்ல வாய்ப்பு. மாட்டுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். ஐடிலிங் திருகைத் தளர்த்தி, ஒரே மெல்லிய கம்பியை நான்கு தட்டுகளின் அடியிலும் ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே உரசலோடு வெளியே வரும்வரை சமன் திருகுகளைத் திருப்புங்கள். பிறகு கம்பியை எடுத்துவிட்டு, விளக்குக்கு நேரே பிடித்து நான்கு பிறைகளையும் பாருங்கள். பைபாஸ் துளையோடு ஒவ்வொரு தட்டின் விளிம்பும் ஒரே மாதிரி நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதைப் பொறுமையாகச் செய்தால் என்ஜின் முதல் ஸ்டார்ட்டிலேயே பரவாயில்லாமல் ஐடிலிங் பிடிக்கும். செய்யாமல் மாட்டினால், முள்கள் நான்கும் நான்கு திசையில் இருக்கும் நிலையில் ஓடும் என்ஜினோடு போராடவேண்டும்.

இப்போது முள் ஆடும் விஷயம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கிறது. 1,100 சுற்றில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 550 தடவை, அதாவது நொடிக்கு ஒன்பது தடவை இழுக்கிறது. நான்கு சிலிண்டரும் ஒரே மேனிஃபோல்டில் சேரும் கார் என்ஜினில் ஒன்றின் இழுப்பை இன்னொன்று நிரவிவிடும். உங்களுடையதில் ஒவ்வொரு கேஜும் ஒரே சிலிண்டரின் துடிப்பைத் தனியாக வாங்குகிறது, எனவே முள் குதிப்பது இயல்பு. தீர்வு வேகத்தை ஏற்றுவது அல்ல, துடிப்பைத் தணிப்பது. செட்டோடு வந்த சிறு நெருக்குத் திருகுகள் இருந்தால் அவற்றைக் குழாயில் மாட்டி, முள் ஒன்றிரண்டு கோடு அளவுக்கு மட்டும் ஆடும்வரை இறுக்குங்கள். அவை இல்லையென்றால் ஒவ்வொரு குழாயிலும் ஒரு பழைய சிறு ஜெட்டைச் செருகலாம். முள் செத்துப்போகும் அளவுக்கு இறுக்கக்கூடாது. திருகைத் திருப்பிய ஓரிரு நொடியில் முள் நகரவேண்டும்.

கேஜ்களையே நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. விலை குறைந்த செட்டுகளில் நான்கும் நான்கு விதமாகக் காட்டுவது சகஜம். ஒரே சிலிண்டரின் முனையில் நான்கு கேஜ்களையும் மாற்றி மாற்றி மாட்டி, ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐடிலிங் மாறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்று 10 மி.மீ. கூடுதலாகக் காட்டினால், அந்தப் பத்தைக் கழித்துப் படித்தால் போதும். நமக்கு வேண்டியது வேக்யூம் எவ்வளவு என்பதல்ல, வித்தியாசம் எவ்வளவு என்பதுதான். இந்த வகை என்ஜின்கள் ஐடிலிங்கில் பெரும்பாலும் பாதரசக் கணக்கில் 200 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் காட்டும், உங்களுடையது 180 காட்டினாலும் 230 காட்டினாலும் நான்கும் ஒத்துப்போனால் கவலை இல்லை.

எண்ணெய்க் குழாய் மேனோமீட்டர் செய்து பார்க்க ஆசைப்பட்டால், அது கேஜைவிட நுட்பமானது. ஒளி ஊடுருவும் நீளமான குழாயை U வடிவில் பலகையில் கட்டி, பாதிக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயிலோ கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலோ ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு சிலிண்டர்களில் மாட்டினால் ஆயில் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் வேக்யூம் அதிகம். பாதரசம் ஆயிலைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் கனமானது. எனவே பாதரசத்தில் 20 மி.மீ. வித்தியாசம் இங்கே 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர வித்தியாசமாகத் தெரியும். கவாசாகி மேனுவல்கள் பலவற்றில் அனுமதி அளவே 2 செ.மீ. பாதரசம்தான். ஆக, ஆயில் குழாயில் ஒரு சாண் வித்தியாசம் இருந்தாலே நீங்கள் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் கொண்டுவர மணிக்கணக்கில் குனிந்து நிற்பது பொழுதுபோக்கு, டியூனிங் அல்ல. சமன் மோசமாக இருக்கும்போது மாட்டினால் ஆயில் முழுவதையும் ஒரு சிலிண்டர் குடித்துவிடும் என்பதால், இரு பக்கமும் இடையில் ஒவ்வொரு காலிப் பாட்டில் வையுங்கள். எரிந்து புகையாகப் போகும் ஆயிலைச் சொல்வதும் அதனால்தான். தண்ணீரையோ கூலன்ட்டையோ ஊற்றாதீர்கள். பாதரசம் வேண்டவே வேண்டாம். குழாய் ஒன்று கழன்றால் வீட்டுக்குள் விஷ ஆவியோடு வாழவேண்டியிருக்கும்.

என்ஜின் நன்றாகச் சூடேறவேண்டும். நிறுத்திவைத்துச் சூடேற்றுவதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வருவது நல்லது. சோக் முழுதாக உள்ளே போயிருக்கவேண்டும், ஆக்சிலரேட்டர் கேபிளில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு இருக்கவேண்டும். டேங்கைக் கழற்றிவிடுவதால் சிறு பாட்டில் ஒன்றைக் கார்புரேட்டர் மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டுப் பெட்ரோல் கொடுக்கவேண்டும். வேக்யூமால் திறக்கும் பெட்ரோல் காக் இருந்தால் அதற்குப் போகும் குழாய் ஒரு சிலிண்டரிலிருந்து வருகிறது. அந்த முனையில் கேஜ் வந்துவிடும், அல்லது அதை அடைக்கவேண்டும். எக்ஸாஸ்ட்டுக்குக் காற்று அனுப்பும் அமைப்பு இருந்தால் அதன் வேக்யூம் குழாயும் அடைபடவேண்டும். காற்றால் குளிரும் என்ஜின் நின்ற இடத்தில் ஓடுவதால், முன்னால் ஒரு பெரிய மின்விசிறி. சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வேகத்தைப் பார்க்க வண்டியின் டாக்கோமீட்டரை முழுதாக நம்பவேண்டாம். பழைய முள் டாக்கோ ஐடிலிங்கில் 100, 200 சுற்று தப்பாகக் காட்டுவது சாதாரணம். பிளக் வயரில் மாட்டும் டிஜிட்டல் டாக்கோ நல்லது, ஒரு எச்சரிக்கையோடு: ஒரு காயில் இரண்டு பிளக்குகளுக்குப் போகும் அமைப்பில் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் வரும், எக்ஸாஸ்ட் நேரத்திலும் ஒன்று வீணாக அடிக்கும். கருவியை இரண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்ற அமைப்பில் விட்டிருந்தால் 1,100-ஐ 2,200 என்று காட்டும்.

இனி திருகுகள். ஜப்பானிய இன்லைன்-நான்குகளில் பரவலான அமைப்பு இது: கார்புரேட்டர்களுக்கு நடுவே மூன்று சமன் திருகுகள். இடது திருகு 1-ஐயும் 2-ஐயும் ஒப்பிடும், வலது திருகு 3-ஐயும் 4-ஐயும், நடுத் திருகு இந்த இரண்டு ஜோடிகளையும். முதலில் 1-2, பிறகு 3-4, கடைசியில் நடு. சில மாடல்களில் ஒரு கார்புரேட்டர் அடிப்படையாக நிலைத்திருக்கும், மற்ற மூன்றையும் அதோடு ஒப்பிடவேண்டும். எது என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். எதைத் திருப்பினால் எந்த முள் அசைகிறது என்று கால் சுற்று திருப்பிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

திசையில் பலர் குழம்புகிறார்கள். வேக்யூம் அதிகம் காட்டும் சிலிண்டர் அதிகம் உழைக்கிறது என்று நினைப்பது தவறு. அதன் தட்டு மற்றவற்றைவிட அதிகம் மூடியிருக்கிறது. பிஸ்டன் இழுக்கிறது, காற்று வரவில்லை, அதனால் வேக்யூம் உயர்கிறது. அதைத் திறந்தால் முள் இறங்கும்.

ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். இணைப்புகளில் உள்ள சிறு ஆட்டம், ஸ்பிரிங் உட்காரும் விதம் எல்லாம் அப்போதுதான் ஓய்வு நிலைக்கு வரும். முறுக்கிவிட்டபின் முள் நிற்கும் இடம்தான் உண்மை. லாக்நட் உள்ள திருகுகளில் நட்டை இறுக்கும்போதே அளவு நகரும். இறுக்கியபின் மறுபடி பாருங்கள்.

இப்போதுதான் உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். சமன் கூடக் கூட என்ஜின் வேகம் தானாக ஏறும். அதுவரை சோம்பியிருந்த சிலிண்டர்களும் பங்கு கொடுக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. 1,100-இல் ஆரம்பித்தது 1,350-இல் வந்து நிற்கும். அங்கேயே முள்களைப் பார்த்துத் திருப்தி அடைந்து குழாய்களைக் கழற்றிவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. ஐடிலிங் திருகைத் தளர்த்தி மறுபடி 1,100-க்குக் கொண்டுவாருங்கள். தட்டுகள் இன்னும் கொஞ்சம் மூடுகின்றன, மறைந்திருந்த வித்தியாசம் மறுபடி தலைகாட்டும். மறுபடி சமன். மறுபடி வேகம் கொஞ்சம் ஏறும், மறுபடி இறக்குங்கள். இரண்டு மூன்று சுற்றில் வேகமும் முள்களும் ஒன்றாக நிலைத்துவிடும். உங்கள் வண்டி 1,400-க்குக் கீழே நிற்காது என்பதால் முதல் சுற்றை 1,400-இல் தொடங்குவதில் தப்பில்லை. அங்கே முடிக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் 100 குறைத்துக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு கட்டத்தில் முள்கள் சமமாக இருந்தும் என்ஜின் தடுமாறினால், நிறுத்திவிட்டுப் பைலட் வழிகளுக்கும் டேப்பெட்டுக்கும் திரும்பிப் போகவேண்டும். சமன் திருகில் அதற்கு மேல் கொடுக்க எதுவும் இல்லை.

மிக்சர் திருகையும் இந்தச் சுழற்சியிலிருந்து பிரிக்க முடியாது. திருகு என்ஜின் பக்கமாக, தட்டுக்குப் பின்னால் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் கலவை மெலியும். சமன் ஒரு நிலைக்கு வந்தபின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அந்தத் திருகை மெதுவாகத் திருப்பி ஐடிலிங் உச்சத்தில் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். வேகம் ஏறியிருக்கும், 1,100-க்கு இறக்கி, சமனை இன்னொருமுறை பாருங்கள். ஒரு சிலிண்டரில் திருகை ஒரு முழுச் சுற்று திருப்பியும் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்தப் பைலட் வழி அடைத்திருக்கிறது, அல்லது தட்டு பைபாஸ் துளைகளைத் தாண்டித் திறந்திருக்கிறது.

ஐடிலிங்கில் சமன் முடிந்தபின் 2,500, 3,000-க்கு ஏற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அது சரிபார்ப்பதற்கு மட்டும். ஐடிலிங்கில் ஒன்றாக நின்ற முள்கள் மேலே போகும்போது பிரிந்தால், தட்டின் அச்சு தேய்ந்திருக்கலாம், இணைப்புக் கை வளைந்திருக்கலாம், ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். அங்கே சமன் திருகைத் திருப்பி அதை மறைத்தால் ஐடிலிங் கெடும்.

இதற்கு விலக்கு, ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனித்தனிக் கேபிள் உள்ள வண்டிகள்: பிஎம்டபிள்யூவின் பழைய பாக்ஸர்கள் (எதிரெதிராகப் படுத்திருக்கும் இரு சிலிண்டர் என்ஜின்கள்), பல பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு சமன்கள் உண்டு. ஐடிலிங்கில், தட்டு எவ்வளவு மூடலாம் என்று தடுக்கும் இரண்டு நிறுத்தத் திருகுகளையும், பிறகு கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்கி 1,500-2,000 வாக்கில் பிடித்துக் கேபிள் அட்ஜஸ்டர்களையும் சமன் செய்யவேண்டும். முதல் படியின்போது இரண்டு கேபிளிலும் தளர்வு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் நிறுத்தத் திருகை அல்ல, கேபிளைத்தான் அளக்கிறீர்கள். 1,500-இல் சமன் செய்யலாம் என்ற பேச்சு இந்த வண்டிகளிலிருந்துதான் உங்கள் காதுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே இணைப்பில் சேர்ந்து திறக்கும் உங்கள் நான்கு கார்புரேட்டர்களுக்கு அது பொருந்தாது. ஒரு சிலிண்டரை அணைத்துப் பார்க்கும் பழைய முறையும் இந்தப் பாக்ஸர்களில் உண்டு. எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் விடாதீர்கள், எர்த் செய்துவிட்டுப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் வேக்யூம் முனைகளின் திருகுகளையும் வாஷர்களையும் மூடிகளையும் திரும்ப மாட்டுங்கள். காக்கின் வேக்யூம் குழாயை மறந்தால் சிறிது தூரத்தில் வண்டி நின்றுவிடும். டேங்கை மாட்டியபின் ஐடிலிங்கில் வைத்து ஹேண்டில்பாரை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை திருப்புங்கள். வேகம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, டேங்கின் அடியில் அது போகும் பாதையைச் சரிசெய்யவேண்டும். பிறகு ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, சூடான என்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் டாக்கோ முள் நேராக 1,100-க்கு வந்து நிற்கிறதா என்று பாருங்கள். 1,100-க்குக் கீழே போய்த் தடுமாறி ஏறிவந்தால் பெரும்பாலும் கலவை கொஞ்சம் கனம். மேலே தொங்கி மெதுவாக இறங்கினால் கலவை மெலிவு அல்லது காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் கிளட்ச் கூடையிலிருந்து வரும் தகரச் சத்தமும் குறைந்திருக்கும். முழுதாக நிற்காவிட்டாலும் கவலைப்படவேண்டாம். சில என்ஜின்களில் அது சமனோடு குறையுமே தவிரப் போகாது.